ஊர் சுத்தினா மெட்டு வருமா?

கேள்வி | 2025 ஜனவரி 19, மாலை 6.10

ஏனுங்ணா, நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கணக்குப் பார்க்கறேன். கீபோர்டு வாசிப்பேன், சில குறும்படத்துக்கு இசை போட்டிருக்கேன். இப்பல்லாம் என்ன வாசிச்சாலும் எங்கயோ கேட்ட மாதிரியே வருது. வேலைய விட்டுட்டு ஆறு மாசம் இமயமலை, ராஜஸ்தான், அஸ்ஸாம்னு ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு இருக்கேன். பெரிய ஆளுங்க எல்லாம் பயணத்துலதான் மெட்டைப் புடிச்சாங்கன்னு படிச்சேன். மெண்டல்சன்னு ஒரு ஜெர்மன் இசையமைப்பாளர் ஒரு குகையைப் பார்த்த உடனே ஒரு முழுப் படைப்பையே எழுதிட்டாராம். அப்படி நடக்குமா? ஊர் சுத்தினா மெட்டு வருமாங்ணா?

ஜனவரி 19, இரவு 10.45

வரும் தம்பி. எப்ப வரும், எங்க வரும்ங்கறதுதான் உங்க திட்டத்தோட ஒத்துப்போகாது. கம்பெனியில ராஜினாமா எழுதிக் குடுக்கறதை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. மத்தது நாளைக்கு.

ஜனவரி 20, காலை 6.20

முதல்ல அந்தக் குகைக் கதை. மெண்டல்சன் 1829-ல ஸ்காட்லாந்து போனப்ப வயசு 20. மேற்குக் கரைத் தீவுப் பக்கம் போனவர், ஆகஸ்ட் 7-ந் தேதி வீட்டுக்கு எழுதின கடிதத்துலயே 'ஹெப்ரிடீஸ்'ங்கற அந்தப் படைப்போட ஆரம்பத்தை ஸ்வரக்குறிப்பாப் போட்டு அனுப்பிட்டார். ஃபிங்கல் குகைக்குப் படகேறினது மறுநாள்தான். அதாவது குகையைப் பார்க்கறதுக்கு முன்னாலயே மெட்டோட முளை வந்தாச்சு. குகைக்குப் போன அன்னிக்கு அவருக்குக் கடல் ஒத்துக்காமப் படாதபாடு பட்டதை, கூடப் போன நண்பர் எழுதி வெச்சிருக்கார்.

முழுசா எழுதி முடிச்சது எங்கன்னு பாருங்க: ரோம்ல, 1830 டிசம்பர்ல. அதுவும் அவருக்குத் திருப்தியில்ல. 1832-ல பாரிஸ்ல இருந்து வீட்டுக்கு எழுதறார்: நடுப்பகுதியில மீன் எண்ணெயும் கடல்பறவையும் கருவாடும் மணக்க வேண்டிய இடத்துல கவுண்டர்பாயிண்ட்தான் (பல மெட்டை ஒண்ணா நெய்யற இலக்கணம்) மணக்குதுன்னு. மறுபடி திருத்தி, அந்த வருஷம் மே மாசம் லண்டன்ல அரங்கேறுச்சு. பார்த்தது ஸ்காட்லாந்து, எழுதினது இத்தாலி, குறை கண்டது பிரான்ஸ், வாசிச்சது இங்கிலாந்து. "பார்த்த உடனே"ங்கறதுக்குள்ள மூணு வருஷம் இருக்குது.

ஜனவரி 20, இரவு 11.00

என் கதை கேட்டீங்க. ஈரோட்டுல சின்ன ஸ்டுடியோ வெச்சிருக்கேன். அதுக்கு முன்னால மெல்லிசைக் குழுவுல கீபோர்டு. மாசி, பங்குனி, சித்திரைன்னா நோம்பி (கோயில் திருவிழா) சீசன். பொழுதோட வேன் ஏறினா விடியக்காலம் வீடு. கொங்கு நாட்டுல அந்த வேன் போகாத ஊரு கம்மி. ஆனா அந்த ஊருங்க எதுவும் என் காதுல ஏறலை. வாசிக்கப் போறவனுக்கு அந்த ஊரைக் கேட்க நேரமில்லை. மேடை, செட்டிங், கேசரி, வாசிப்பு, வேன். எல்லா ஊரும் ஒரே ஊருதான்.

காது திறந்தது அப்பறம், குலதெய்வப் பாட்டு செய்ய ஆரம்பிச்சப்ப. ஒரு குலத்துப் பங்காளிங்க எல்லாம் சேர்ந்து, எங்க சாமிக்குப் பாட்டு பண்ணிக் குடுங்கன்னு வருவாங்க. கோயில் போட்டோவையும் தல வரலாறு ஒரு பக்கத்தையும் வாட்ஸ்அப்புல அனுப்பிட்டு, அடுத்த வாரம் கும்பாபிஷேகத்துக்கு வேணும்பாங்க. நான் கோயிலுக்குப் போயி ஒரு ராத்திரி இருந்துட்டு வந்துதான் செய்வேன்னு முதல்லயே சொல்லிருவேன். கொஞ்சம் பேரு வேற ஆளைப் பார்த்துப் போயிருக்காங்க. பரவாயில்லை.

ஜனவரி 22, மதியம்

ஒரு ராத்திரி இருந்தா என்ன கிடைக்கும்னு ஒரு அம்மா கேட்டிருக்காங்க. நல்ல கேள்விங்க.

காங்கயத்துக்குத் தெக்கால ஒரு கோயில். சுத்தியும் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்), கிளுவை வேலி, அங்கங்க வெள்ளவேலாமரம், நடுவுல இட்டேறி (ரெண்டு வேலிக்கு நடுவுல போற தடம்). ராத்திரி அண்ணன்மார் கதையில (பொன்னர் சங்கர் கதை) ஒரு பகுதி பாடினாங்க. பாடறவர் கையில உடுக்கை, பக்கத்துல பின்பாட்டுக்கு ஒருத்தர். உடுக்கையோட இடுப்புக் கயித்தை அமுக்கினா சத்தம் மேல ஏறும், விட்டா இறங்கும். இதை எந்த கீபோர்டு சாம்பிள்லயும் கேக்கலாம். கேக்க முடியாதது எதுன்னா, ஒரு அடி பாடி நிறுத்தி, பின்பாட்டுக்காரர் "ஆமா"ன்னு வாங்கறதுக்குள்ள அவர் விடற இடைவெளி. அது ஒவ்வொரு தடவையும் வேற அளவு. சாவு வர்ற இடத்துல நீளம், சண்டை வர்ற இடத்துல இல்லவே இல்லை. அந்த இடைவெளியில காத்துச் சத்தம் வந்து உக்காரும். அதுவும் அவருக்கு வாத்தியந்தான்.

அந்தக் கோயிலுக்கு நான் செஞ்ச பாட்டுல இது வரலைங்க. ஆனந்த பைரவியில ஒரு கும்மி மெட்டு, அவங்க பொண்டு புள்ளைங்க பாடற மாதிரி செஞ்சு குடுத்தேன். அந்த இடைவெளி வெளிய வந்தது ரொம்ப நாள் கழிச்சு, தறிக்காரங்களைப் பத்தின ஒரு குறும்படத்துல. அம்மா கடன் பத்திரத்துல கைநாட்டு வெக்கற காட்சி. இயக்குநர் அங்க வயலின் கேட்டார். நான் ஒரு அடி தட்டி, நிறுத்தி, காத்தை விட்டேன். காங்கயத்து ராத்திரி அங்கதான் வந்துச்சு.

ஜனவரி 22, இரவு

மேல எழுதினதும் தீட்சிதர் ஞாபகம் வந்துட்டார், சொல்லாமப் படுக்க முடியாது. முத்துசுவாமி தீட்சிதர் இளவயசுல சிதம்பரநாத யோகியோட காசிக்குப் போயி அங்க சில வருஷம் இருந்தவர். அங்க காதுல விழுந்த வடக்கத்தி ராகங்களும் த்ருபத்துங்கற வடக்கத்திப் பழைய பாட்டு முறையோட அந்த நிதானமும் எங்க வெளிப்படுதுன்னு பாருங்க. 'ஜம்பூபதே' யமுனா கல்யாணியில. பாட்டு யாரு மேல? திருவானைக்கா ஜம்புகேஸ்வரர் மேல. கங்கைக்கரையில கேட்டது காவிரிக்கரையில, அதுவும் அப்புத் தலத்து (தண்ணித் தலம்) பாட்டா வந்திருக்குது. கேட்டுப் பாருங்க, அவசரமே இல்லாம ஆறு நகர்ற மாதிரி நகரும்.

ஜனவரி 24, காலை

"தியாகராஜர் திருவையாத்தை விட்டு அதிகம் நகரலையே, அவருக்கு மெட்டு வரலையா?"ன்னு ஒருத்தர் மடக்கியிருக்கார். சரியான மடக்கு. கோவூர், திருவொற்றியூர், திருப்பதின்னு அவரும் ஒரு யாத்திரை போயிருக்கார், கோவூர்ப் பஞ்சரத்தினம் அதுல வந்ததுதான். ஆனாலும் அவர் உக்காந்த இடத்துல செஞ்ச ஆளுன்னுதான் சொல்லணும். ஆஸ்திரியா நாட்டு இசையமைப்பாளர் ஹைடனும் அப்படித்தான். எஸ்டர்ஹாஸி பிரபுக்கள்கிட்ட ஏறக்குறைய 30 வருஷம் சேவகம். உலகத்தை விட்டு ஒதுங்கிக் கிடந்தேன், தொந்தரவு பண்ண ஆளில்லை, அதனால தனித்தன்மையாத்தான் ஆகவேண்டி வந்ததுன்னு பின்னால சொல்லியிருக்கார். 1791-ல லண்டன் போறப்ப வயசு 58. அங்கத்திக்குன்னு எழுதின சிம்பனி மட்டும் 12. வீட்டுலயே இருந்து சேர்த்த சரக்கு அத்தனையும், புது ஊரும் பெரிய வாத்தியக் குழுவும் கிடைச்ச உடனே கொட்டியிருக்குது.

அதனால என் கருத்தைக் கொஞ்சம் மாத்தி எழுதறேன். பயணம் இல்லாட்டி இசை இல்லைன்னு நான் சொல்லலை. தேஞ்சு போன காதுக்கு அது ஒரு வழி. உங்க கேள்வியில "எங்கயோ கேட்ட மாதிரியே வருது"ன்னு எழுதியிருக்கீங்க. அது காதோட சிக்கல், ஊரோட சிக்கல் இல்லை.

ஜனவரி 24, கொஞ்ச நேரம் கழிச்சு

தீட்சிதர் குடும்பம் திருவாரூர்ல இருந்து சென்னைக்குப் பக்கத்துல மணலிக்குக் குடிபோச்சு. அங்கதான் இங்கிலீஷ்காரன் பேண்டு காதுல விழுந்துச்சு. அந்த மெட்டுக்கு சமஸ்கிருதத்துல சாகித்தியம் வெச்சதுதான் நோட்டுஸ்வரம், ஏறத்தாழ 40 உருப்படி. தம்பி பாலுஸ்வாமி வயலின் கத்துக்கிட்டு அதை நம்ம கச்சேரிக்குக் கொண்டுவந்தார். வீடு மாத்தினதுல ஒரு வாத்தியமே நமக்குக் கிடைச்சிருக்குது. கடல் தாண்டினது வயலின், அவங்க தாண்டலை.

ஜனவரி 27, இரவு 9.30

தம்பி திருப்பூர்னு சொன்னீங்க. உங்க வீட்டுல இருந்து டவுன் பஸ் தூரத்துல திருமுருகன்பூண்டி இருக்குது. அங்க நடந்ததைத் தெரிஞ்சுக்காம ராஜஸ்தான் போகாதீங்க.

சுந்தரர் சேரமான் பெருமாள்கிட்டப் பரிசு வாங்கிட்டுப் பொன்னும் பொருளுமா வர்றார். பூண்டிப் பக்கம் வேடர் வேசத்துல வந்து வழிப்பறி பண்ணிட்டாங்க. பண்ணினது சிவனோட பூதகணம்னு பெரிய புராணம் சொல்லுது. சுந்தரர் நேரா கோயிலுக்குப் போயி சண்டை போடறார். வில்லு வெச்சு மிரட்டறான், குத்தறான், துணிய உருவறான், இந்த ஊர்ல உமக்கென்னங்க வேலைன்னு கேக்கறார். பாட்டுக்குப் பாட்டு "எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே"ன்னு முடியுது. பண் பழம்பஞ்சுரம், இப்ப சங்கராபரணத்துல பாடுவாங்க. நல்ல ஓதுவார் பாடிக் கேளுங்க: சங்கராபரணம் கம்பீரமான ராகம்னு நினைச்சிருப்போம், அதுல ஒரு வழிப்போக்கனோட ஆத்திரம் எப்படி உக்காருதுன்னு தெரியும். அந்த இடத்துல அந்த நட்டம் ஆகலைன்னா அந்தப் பாட்டு ஏது?

திருச்செங்கோடு இன்னொண்ணு. சம்பந்தர் அடியார் கூட்டத்தோட அங்க தங்கியிருக்கறப்ப குளிர் காய்ச்சல் கண்டு ஆளாளுக்குப் படுத்துட்டாங்க. அப்பப் பாடினது திருநீலகண்டப் பதிகம், வியாழக்குறிஞ்சிப் பண். சம்பந்தர் தனியாப் போனவரில்லை, திருநீலகண்ட யாழ்ப்பாணரும் மதங்கசூளாமணியாரும் கூடவே போனாங்க. பாடறவர், யாழ் வாசிக்கறவர், கூட்டம். நம்ம வேன் மாதிரித்தான், ஆனா அவங்க ஒவ்வொரு ஊர்லயும் தங்கினாங்க.

ஜனவரி 28

காய்ச்சல்னு எழுதினதும் ஸ்டீவ் ரைக் ஞாபகம் வந்தார். அமெரிக்கா இசையமைப்பாளர். 1970-ல கானா நாட்டுக்குப் போயி மத்தளம் கத்துக்கிட்டார், சில வாரத்துல மலேரியா வந்து திரும்பிட்டார். அடுத்த வருஷம் 'டிரம்மிங்'னு பெரிய தாள வாத்தியப் படைப்பு. ஆனா அவரே சொல்லியிருக்கார்: ஆப்பிரிக்கா எனக்குப் புதுசா ஒரு வழியைக் குடுக்கலை, நான் ஏற்கெனவே போயிட்டிருந்த வழி சரிதான்னு உறுதி குடுத்ததுன்னு. போறதுக்கு முன்னாலயே ஒரே தாளத்தை ரெண்டு பேரு வாசிச்சு, ஒருத்தர் மெல்ல மெல்ல முந்திப் போற வேலையை அவர் ஆரம்பிச்சாச்சு.

இதைக் கேக்க அமெரிக்கா போக வேண்டாம். சோமனூர், பள்ளிபாளையம் எங்க வேணும்னாலும் ஒரு தறிக்குடோன் வாசல்ல நில்லுங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு விசைத்தறி, வேகத்துல மயிரிழை வித்தியாசம். சேர்ந்து அடிக்கும், விலகும், மூணாவது ஒரு தாளம் நடுவுல முளைக்கும், திரும்பச் சேரும். தறிச் சத்தத்துல பொறந்து வளர்ந்த எத்தனையோ புள்ளைங்க இங்க தாளம் வாசிக்குது. அதுல யாராவது இதை எழுதணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

பிப்ரவரி 2, காலை

"எல்லாத்தையும் போன்ல பதிவு பண்ணிட்டு வந்து வீட்டுல கேட்டா ஆகாதா?" ஆகும். ஹங்கேரி இசையமைப்பாளர் பார்டோக் அதைத்தான் பண்ணினார். மெழுகு உருளை போனோகிராஃபைத் தூக்கிட்டு ஹங்கேரி, ருமேனியாக் கிராமமெல்லாம் போயி ஆயிரக்கணக்குல பாட்டுப் பதிஞ்சார். ஆனா பதிஞ்சதோட விடலை. ஒவ்வொண்ணையும் திரும்பத் திரும்பப் போட்டு, நுணுக்கமெல்லாம் காகிதத்துல எழுதினார். வருஷக்கணக்கா. 1907-ல டிரான்சில்வேனியாவுல கேட்ட பழைய அஞ்சு ஸ்வர மெட்டுங்கதான் அவரோட சொந்த இசையைத் திருப்பிவிட்டது. நம்ம போன்ல கிடக்கற பதிவை நாம எத்தனை தடவை கேக்கறோம்?

என் பழக்கம் இது: முதல் தடவை பதிவு பண்றதில்லை. மறுநாளும் எது மனசுல நிக்குதோ அதுக்காகத் திரும்பப் போயி பதிவு பண்றது.

பிப்ரவரி 5

வேலைய விடற விஷயத்துக்கு வர்றேன். ஜெர்மன் இசை மேதை பாஹ் 1705-ல ஆர்ன்ஸ்டாட் ஊர்ல தேவாலய ஆர்கன் வாசிக்கற வேலையில இருந்தார். வயசு 20. புக்ஸ்டஹூடங்கற பெரிய ஆர்கன் வித்துவான் வாசிப்பைக் கேக்கணும்னு நாலு வாரம் லீவு போட்டுட்டு லூபெக்குக்குப் போனார், 400 கிலோமீட்டருக்கு மேல, நடந்து. திரும்பி வந்தது ஏறக்குறைய நாலு மாசம் கழிச்சு! கூப்பிட்டு விசாரிச்சாங்க. பதிலுக்கு ஆள் வெச்சுட்டுத்தான் போனேன்னார். அதோட விசாரணையில இன்னொரு புகாரும் பதிவாகியிருக்குது: துதிப்பாட்டுக்கு வாசிக்கறப்ப வினோதமான ஸ்வரமெல்லாம் கலக்கறார், சபையில பாடறவங்களுக்குக் குழம்புதுன்னு. லூபெக் காதுல ஏறினது ஆர்ன்ஸ்டாட்டுல வெளிய வந்திருக்குதுன்னு நான் எடுத்துக்கறேன். வேலை போகலை. லீவு போட்டாலே போதும் தம்பி.

பிப்ரவரி 12, இரவு

நேத்து தைப்பூசம். பழனி நடந்துட்டு வந்தேன், காலெல்லாம் கொப்பளம், ஆனா இதை இன்னிக்கே எழுதணும்.

உடுமலை ரோட்டுல, மடத்துக்குளம் தாண்டி, விடியறதுக்கு முன்னால ஒரு காவடிக் கூட்டத்தோட நடந்தேன். பம்பை இல்லை, மைக் இல்லை, வயசானவர் ஒருத்தர் திருப்புகழ் பாடிட்டே நடந்தார். அருணகிரிநாதர் பழனி, திருச்செங்கோடு, சென்னிமலை, மருதமலை, அவிநாசின்னு நம்ம பக்கமெல்லாம் பாடியிருக்கார், பாட்டுக்குப் பாட்டு சந்தம் வேற. உக்காந்து கேக்கறப்ப அந்தச் சந்தத்தைக் கணக்காப் போட்டுப் பார்ப்பேன், அஞ்சும் ஏழும் மாறி மாறி வந்து தலை சுத்தும். நடந்துட்டே கேட்டப்பக் கணக்கே போடலை. அவர் காலு சந்தத்துல விழலை, சந்தத்துக்குக் குறுக்க விழுந்துச்சு, ஆனா அடி முடியற இடத்துல ரெண்டும் வந்து சேர்ந்துச்சு. கால் ஒரு தாளம், வாய் ஒரு தாளம். மேடு ஏறறப்ப மூச்சு வாங்கி அடியோட கடைசி எழுத்து நீளும், இறக்கத்துல சுருங்கும். அந்த மேட்டுலதான் பாட்டு அழகா இருந்துச்சு.

பாஹ் அந்த 400 கிலோமீட்டரும் என்ன முணுமுணுத்துட்டு நடந்திருப்பாரோ!

பிப்ரவரி 13

நேத்து எழுதினதை வெச்சு என்ன மெட்டுப் போட்டீங்கன்னு அதுக்குள்ள கேக்கறாங்க. மஞ்சளை வெட்டின அன்னிக்கே சந்தைக்கு ஏத்த முடியாதுங்க. வேக வெச்சுக் காய வெச்சு மெருகு போடணும். இப்போதைக்கு அந்த மேட்டைத் தினமும் பாடிப் பார்க்கறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 18

தம்பி போட்ட புதுத் திட்டத்தைப் பார்த்தேன். ஆறு மாசத்துக்குப் பதில் மூணு வாரம், ஆனா அதுக்குள்ள எட்டு ஊர். ஊரைக் குறைங்க. செக் இசையமைப்பாளர் துவோரக் 1893 கோடைக்கு அமெரிக்காவுல ஸ்பில்வில்னு சின்ன ஊருக்குப் போனார், செக்காரங்க குடியேறின ஊர். நடுவுல சில ஊருக்குப் போயிட்டு வந்தாலும் அந்தக் கோடையில பெரும்பாலும் அங்கயே இருந்தார். காலையில எந்திரிச்சு நடை, தேவாலயத்துல ஆர்கன், பெரியவங்களோட பேச்சு. 'அமெரிக்கன்' குவார்டெட்டை (நாலு தந்தி வாத்தியத்துக்கான படைப்பு) ரெண்டு வாரத்துக்குச் சித்த கூடுதலா எடுத்து முடிச்சுட்டார். மூணாவது பகுதியில அங்க கத்திட்டிருந்த ஒரு குருவியோட கூப்பாடே வயலின்ல வருது. நியூயார்க்ல எழுதின 'புது உலகம்' சிம்பனியைத்தான் ஊரே பேசுது. எனக்கு இந்தச் சின்னதுதான் உசத்தி.

உங்களுக்கு என் யோசனை பவானி. கூடுதுறைக்குக் கிட்ட ஒரு ரூம் எடுங்க. ரெண்டு ஆத்துச் சத்தம், ஜமக்காளத் தறி (கைத்தறி, விசைத்தறி இல்லை, குழியில உக்காந்து மிதிக்கறது), சங்கமேஸ்வரர் கோயில் நாயனம், சாவுக்குக் கரைக்க வர்றவங்க அழுகை, கல்யாண மேளம், எல்லாம் ஒரு கிலோமீட்டருக்குள்ள. சம்பந்தர் திருநணான்னு பாடின ஊரு அது. அங்க இருந்துட்டு அலுத்தா அஸ்ஸாம் போங்க.

மார்ச் 9, காலை

நேத்து லண்டன்ல ராஜா சார் சிம்பனி அரங்கேறிருச்சு. ராயல் பில்ஹார்மோனிக் குழு வாசிச்சிருக்குது. ராத்திரி தூக்கமே இல்லைங்க எனக்கு. எல்லாரும் பண்ணைப்புரத்துல இருந்து லண்டன் வரைக்கும்னு எழுதறாங்க. எனக்கு நடுவுல இருக்கற ரோடுதான் கண்ணுல நிக்குது. அண்ணன் பாவலர் வரதராசனோட ஆர்மோனியத்தைத் தூக்கிட்டுக் கட்சி மேடைக்குன்னு ஊர் ஊராப் போன வருஷங்கள். எந்த ஊர்ல எந்த மெட்டுக்கு உழைக்கற சனம் நின்னு கேக்கும்னு அந்த ரோட்டுலதான் படிச்சிருக்கார். அதுக்கப்பறம்தான் சென்னையும், மேற்கத்திய இசை சொல்லிக் குடுத்த தன்ராஜ் மாஸ்டரும், பாஹும்.

ஜனவரியில வேன் வாழ்க்கை எதையும் தரலைன்னு எழுதியிருந்தேன். இன்னிக்கு அப்படி முடிவாச் சொல்ல மனசு வரலை. கூட்டம் எப்ப எந்திரிச்சுப் போகும், எப்ப நிக்கும்னு எனக்கும் அந்த மேடைதானே சொல்லிக் குடுத்துச்சு. கேக்கறவங்களைக் கேட்டிருக்கேன், ஊரைத்தான் கேக்கலை. தொழிலுக்கு ரெண்டும் வேணும்.

மார்ச் 15

தம்பி பவானியில இருந்து எழுதியிருக்கார். வந்து நாலு நாள் ஆச்சு, ஒரு நாயனக்காரரையும் தறிக்காரம்மாவையும் பழக்கம் புடிச்சிருக்கார், அந்தம்மா பாடற ஒரு தாலாட்டைப் படத்துல சேர்த்துக்கலாமான்னு கேக்கறார். இதை நிதானமாப் பேசணும்.

கேட்டு வாங்குங்க. பாட்டு அவங்களோடது. அவங்க ஆத்தா பாடினதுன்னு சொன்னா அவங்க குடும்பத்தோடது. என் ஸ்டுடியோவுல பாடகிக்கு ஒரு பாட்டுக்கு என்ன தர்றேனோ அதையேதான் உடுக்கை வாசிச்சவருக்கும் தந்தேன், ஒரு ரூபாய் கம்மியில்லை. காகிதத்துல எழுதி, படிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதி அவங்க கையில. படத்துல பேரு "கிராமியப் பாடல்"னு போடக் கூடாது. பாடினவங்க பேரும் ஊரும் போடணும். ஊர் ஊராப் போயி பதிஞ்சுட்டு வந்து தன் பேரைப் போட்டுக்கறவங்களை நிறையப் பார்த்துட்டேன், வயிறு எரியுது. அந்தம்மா வேண்டாம்னா வேண்டாம், கேட்டதோட காதுல வெச்சுக்குங்க.

சம்மதிச்சா, தறி ஓடாத நேரமாப் பார்த்துப் பதியுங்க, அமாவாசைக்கு லீவு விடற குடோன் இருக்கும். மைக்கை வாய்க்கு நேரா வைக்காம நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் தள்ளி வையுங்க. மடியில நிசமாவே குழந்தை இருந்தா இன்னும் நல்லது, ஆட்டற ஆட்டத்துலதான் அந்தத் தாளம் இருக்குது.

மார்ச் 16

கேட்டவருக்கு: காகிதம் தமிழ்ல எழுதினாப் போதும். என்ன பாட்டு, எந்தப் படத்துக்கு, எவ்வளவு தொகை, வேற எதுக்காவது எடுத்தா மறுபடி கேக்கணும், பேரு எப்படி வரும், தேதி, ரெண்டு சாட்சி. நான் வெச்சிருக்கற மாதிரியை இன்னிக்கு ராத்திரி தட்டச்சுப் பண்ணிப் போடறேன்.